தயவுசெய்து மைக்கைக் கொடுத்துவிடுங்கள்!

ராப் இசை என்றதும் மனக்கண்ணில் என்ன வருகிறது? கழுத்து நிறையத் தங்கச் சங்கிலி, பின்னால் விலை உயர்ந்த கார், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ராப்பை ஒருமுறைகூட முழுதாகக் கேட்டிராதவர்கள் மனதிலும் இந்தச் சித்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சித்திரத்தை உலகத்துக்கு அனுப்பி வைத்ததில் பெரும்பங்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே லாஸ் ஏஞ்சலிஸில், அதே வருடங்களில், ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாலும் மைக்கைத் திருப்பித் தரச் சொல்லும் ஒரு மேடை இருந்தது! அது கிளப் இல்லை, தியேட்டர் இல்லை. இயற்கை உணவு விற்கிற ஒரு கடை. பெயர் 'குட் லைஃப்'. வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை இரவில் மட்டும், அங்கே ராப் பாட வந்த இளைஞர்களின் கதையைச் சொல்லும் ஆவணப்படம்தான் 2008-ம் ஆண்டு வெளிவந்த 'திஸ் இஸ் தி லைஃப்'. இயக்கியவர் ஏவா டுவர்னே. பின்னாளில் 'செல்மா' படத்தை எடுத்தாரே, அவரேதான்.

அந்தப் படத்தையும், படம் சொல்லும் வரலாற்றையும், படத்துக்கு வெளியே நின்றுவிட்ட கொஞ்சம் கணக்கு வழக்கையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எப்படிப்பட்ட நகரம்?

சவுத் சென்ட்ரல் என்று அழைக்கப்பட்ட தெற்கு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பிறகும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருமளவில் வந்து குடியேறினார்கள். காரணம் எளிமையானது. அங்கே தொழிற்சாலைகள் இருந்தன. கல்லூரிப் படிப்பு இல்லாதவரும் ஒரு வேலையைப் பிடித்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைக்க முடிந்தது.

ஆனால் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் வீடு வாங்கிவிட முடியாது. வீட்டுப் பத்திரத்திலேயே "வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது" என்ற பொருள்பட ஷரத்து எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பினத்தவர் கைக்கு வந்த பேட்டைகளில் ஒன்று லைமர்ட் பார்க். 1920-களின் கடைசியில் வெள்ளையர் குடியிருப்பாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட அந்தப் பேட்டை, பிற்காலத்தில் நகரத்தின் கறுப்பினக் கலைகளுக்கே தலைமையிடம் ஆனது. குட் லைஃப் கடை இருந்த கிரென்ஷா சாலை அதற்குப் பக்கத்தில்தான்.

பிறகு தொழிற்சாலைகள் மூடத் தொடங்கின. சவுத் கேட்டில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980-ல் மூடப்பட்டது. அதே ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலை 1982-ல் மூடப்பட்டது. அப்பாவுக்குக் கிடைத்த வேலை மகனுக்கு இல்லை என்ற நிலை. அந்த வெற்றிடத்தில் கிராக் என்ற போதைப் பொருளும், அதை விற்கும் கும்பல்களும், கும்பல்களை ஒடுக்குகிறேன் என்று வந்த போலீஸும் நுழைந்தன. 1988 ஏப்ரலில் ஒரே ஒரு வார இறுதியில் போலீஸார் தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் கைது செய்தவர்கள் 1,400-க்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலானோர் எந்த வழக்கும் இல்லாமல் விடுவிக்கப்பட்டார்கள்.

பதினெட்டு வயதுப் பையன் நாலு நண்பர்களோடு தெருமுனையில் நின்றாலே சந்தேகத்துக்கு ஆளாகும் ஊர் என்று புரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட ஊரில், மாலையில் போய் நிற்பதற்குப் பயமில்லாத ஓர் இடம் என்பது சின்ன விஷயம் அல்ல.

வியாழக்கிழமை இரவு

1989 டிசம்பரில் பி. ஹால் என்ற பெண்மணியும் அவருடைய மகன் ஆர். கெய்ன் பிளேஸும் சேர்ந்து குட் லைஃப் கடையில் இந்த நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். இன்னார்தான் பாட வேண்டும் என்று கிடையாது. பெயரைப் பதிவு செய்துகொண்டு யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். மது கிடையாது. வாசலில் உடை பார்த்து உள்ளே அனுப்பும் வழக்கமும் கிடையாது.

ஆனால் விதி இருந்தது. கெட்ட வார்த்தை கூடாது. ஏன் என்றால், முதலில் அது ஓர் உணவுக் கடை. மேடை என்று இருந்ததும் அந்தக் கடைக்குள்ளேதான். வீட்டுக் கூடத்தில் பெரியவர் முன்னால் பேசுவதுபோல இங்கேயும் பேச வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

இன்னொரு விதி கூட்டமே ஏற்படுத்திக்கொண்டது. பாடுகிறவர் தடுமாறினாலோ, ஏற்கனவே கேட்ட சரக்கையே கொண்டுவந்தாலோ, விதியை மீறினாலோ, கூட்டம் ஒரே குரலில் "தயவுசெய்து மைக்கைக் கொடுத்துவிடுங்கள்" என்று கோஷம் போடத் தொடங்கிவிடும். கல்லெறியவில்லை, ஊளையிடவில்லை. மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த மரியாதைதான் அதிகம் வலிக்கும்! கேட்டவர் இறங்கியே ஆக வேண்டும்.

யாராக இருந்தாலும் இதே கதிதான். நியூயார்க்கிலிருந்து வந்த ஃபேட் ஜோ அந்தக் காலத்திலேயே ஆல்பம் வெளியிட்டிருந்த ராப்பர். அவரே குட் லைஃப் மேடையில் ஏறி, இந்தக் கோஷத்தைக் கேட்டு இறங்க நேர்ந்தது. ஆவணப்படத்தில் பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே நினைவுகூரும் சம்பவங்களில் இது முக்கியமானது. ஆல்பம் போட்டவரா, ரேடியோவில் வருகிறவரா என்பதெல்லாம் அந்த அறைக்குள் செல்லாத நாணயம். இன்று இந்த மூன்று நிமிடத்தில் என்ன செய்தாய்? அவ்வளவுதான் கேள்வி.

ஒரு விதி செய்த வேலை

கெட்ட வார்த்தைக்குத் தடை என்றதும், ஏதோ பஜனை மடம் போல இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். நடந்தது வேறு.

பாட்டில் ஓரிடம் தொய்கிறது என்றால் அதைத் தூக்கி நிறுத்த ராப்பர்களிடம் ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு வசவைப் போட்டால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். குட் லைஃப்பில் அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் கூட்டத்தை எதை வைத்துப் பிடிப்பது? எதுகையை வைத்து, வேகத்தை வைத்து, குரலை வைத்து, மூச்சை வைத்து, யாரும் எதிர்பாராத ஓர் உவமையை வைத்து. போன வாரம் ஒருவர் இரட்டை வேகத்தில் பாடினால் இந்த வாரம் இன்னொருவர் அதே வேகத்தில் தாளத்தை உடைத்துக் காட்டுவார். அடுத்த வாரம் மூன்றாமவர் பாதி பேச்சும் பாதி ராகமுமாக வருவார். வாரா வாரம் புதுச் சரக்கு வேண்டும். பழையதைக் கொண்டுவந்தால்தான் கோஷம் காத்திருக்கிறதே!

இதற்குச் சிகரம், அந்த நிமிடத்திலேயே கட்டிப் பாடும் 'ஃப்ரீஸ்டைல்'. நம் மரபில் ஆசுகவி என்று சொல்வோமே, கொடுத்த பொருளில் கொடுத்த இடத்தில் யோசிக்க நேரமில்லாமல் பாடுவது, அதற்கு மிக நெருக்கமானது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் சட்டை, அன்றைய செய்தி, முந்தைய ஆள் செய்த தவறு எல்லாமே அடுத்த வரியில் பாட்டாகிவிடும்.

இந்தப் பட்டறையில் வார்ப்பானவர்களில் முதலில் சொல்ல வேண்டிய குழு ஃப்ரீஸ்டைல் ஃபெல்லோஷிப். ஏசியலோன், மைக்கா நைன், பீஸ், செல்ஃப் ஜூபிடர் என்று நால்வர். ஜாஸ் இசையில் ஒரு சாக்ஸஃபோன்காரர் தனி ஆவர்த்தனம் வாசிப்பதுபோலக் குரலால் வாசிப்பது இவர்கள் வழி. அந்தப் பேட்டையில் ஜாஸ் காற்றிலேயே இருந்தது. டிரம்ஸ் கலைஞர் பில்லி ஹிக்கின்ஸும் கவிஞர் கமாவ் டாவூடும் லைமர்ட் பார்க்கில் 'வேர்ல்ட் ஸ்டேஜ்' என்ற கலைக்கூடத்தைத் தொடங்கியதும் அதே 1989-ல்தான்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், 1965-ல் வாட்ஸ் பகுதியில் 34 பேர் உயிரிழந்த கலவரத்துக்குப் பிறகு, அங்கே ஓர் எழுத்தாளர் பட்டறை தொடங்கப்பட்டது. அதிலிருந்து வந்த 'வாட்ஸ் பிராஃபெட்ஸ்' குழு, ராப் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே தாளத்தோடு கவிதை சொன்னது. ஆக, எரிந்த பேட்டையில் ஓர் அறையைத் திறந்துவைத்து இளைஞர்களிடம் மைக்கைக் கொடுப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. குட் லைஃப் அந்த வரிசையில் வந்த ஒன்று.

மெடூசா, அப்ஸ்ட்ராக்ட் ரூட், சில்லின் வில்லன் எம்பயர், வால்யூம் டென், பிஜன் ஜான் என்று பட்டியல் நீளும். யூனிட்டி கமிட்டி, ரெபல்ஸ் ஆஃப் ரிதம் என்ற இரண்டு குழுக்கள் இங்கே சந்தித்து இணைந்ததில்தான் ஜுராசிக் ஃபைவ் பிறந்தது. (பெயரில்தான் ஃபைவ், ஆட்கள் ஆறு பேர்!)

கடைக்கு வெளியே இருந்த சந்தை

இவ்வளவு திறமை ஒரே அறையில் இருந்தால், எல்லோரும் கோடீஸ்வரர்கள் ஆகியிருக்க வேண்டாமா? ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு அந்தக் காலத்து இசை வியாபாரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் விஷயம் ரேடியோ. லாஸ் ஏஞ்சலிஸில் கே-டே என்ற வானொலி நிலையம் 1980-களில் நாள் முழுக்க ஹிப்-ஹாப் ஒலிபரப்பிப் பெயர் வாங்கியது. உள்ளூர்ப் பையன்களின் பாட்டுக்கும் இடம் கொடுத்த நிலையம் அது. 1991 மார்ச்சில் அது கைமாறியது. புது நிர்வாகம் ஹிப்-ஹாப்பை நிறுத்திவிட்டுப் பங்குச் சந்தைச் செய்தியும் வணிகச் செய்தியும் ஒலிபரப்பத் தொடங்கியது. குட் லைஃப் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஊரின் பெரிய காது அடைபட்டது.

இரண்டாவது, விற்பனைக் கணக்கு. அதுவரை எந்த ஆல்பம் எவ்வளவு விற்கிறது என்பதைக் கடைக்காரர்களிடம் விசாரித்துத்தான் பில்போர்டு பத்திரிகை பட்டியல் போட்டுவந்தது. 1991 மே மாதம் முதல், கல்லாவில் பார்கோடு ஸ்கேன் ஆகும் உண்மையான எண்ணிக்கையை வைத்துப் பட்டியல் போடும் முறை வந்தது. அடுத்த மாதமே காம்ப்டனைச் சேர்ந்த என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஆல்பம் நாட்டிலேயே முதலிடத்துக்குப் போனது. ரேடியோவில் பெரிதாக ஒலிக்காத, பெற்றோர்கள் முகம் சுளித்த ஒரு சரக்கு இப்படி விற்கிறது என்பது கம்பெனிகளுக்கு அப்போதுதான் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. 1992 டிசம்பரில் டாக்டர் ட்ரேயின் 'தி க்ரானிக்' வந்து அமெரிக்காவில் மட்டும் முப்பது லட்சம் பிரதிகளுக்கான அங்கீகாரம் பெற்றது. அதன் பிறகு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து யார் வந்தாலும் கம்பெனிகள் கேட்ட முதல் கேள்வி, "அந்த மாதிரி இருக்கிறதா?" என்பதாகத்தான் இருந்தது.

கேங்ஸ்டர் ராப்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பாட்டுகளும் அதே தெருக்களிலிருந்து, அதே போலீஸ் அடியிலிருந்து வந்தவைதான். 1992 ஏப்ரல் 29-ம் தேதி, ராட்னி கிங்கை அடித்த போலீஸ்காரர்களை ஜூரி தண்டிக்காமல் விட்டபோது நகரம் பற்றி எரிந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் நூறு கோடி டாலர் மதிப்புள்ள சொத்து நாசமானது. கிரென்ஷா சாலையிலும் கடைகள் எரிந்தன. கோபமான பாட்டுக்குக் காரணம் இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. பிரச்சினை, ஓர் ஊருக்கு ஒரே ஒரு குரல்தான் விலை போகும் என்று சந்தை முடிவு கட்டியதில் இருக்கிறது.

மூன்றாவது, ஒப்பந்தம். ஒரு கம்பெனி ஒரு ராப்பருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறது என்றால் அது சம்பளம் அல்ல. பின்னால் வரப்போகும் ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்ளும் முன்பணம். ஒலிப்பதிவுச் செலவையும் இதே கணக்கில்தான் எழுதுவார்கள். உதாரணத்துக்கு, அட்வான்ஸும் செலவும் சேர்ந்து ஒரு லட்சம் டாலர், ஒரு பிரதிக்கு ராயல்டி ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பிரதி விற்கும்வரை கலைஞருக்குப் புதிதாக ஒரு காசு வராது. ஆனால் கம்பெனிக்கு ஒவ்வொரு பிரதியிலும் தன் பங்கு முதல் நாளிலிருந்தே வந்துகொண்டிருக்கும். ஆக, கம்பெனி தன் முதலை எடுத்து லாபமும் பார்த்துவிட்ட பிறகும், கலைஞரின் பேரேட்டில் பற்று பாக்கி நிற்கலாம். குழுவில் நாலு பேர் என்றால் வருவதையும் நாலாகப் பிரிக்க வேண்டும்.

இந்தச் சந்தைக்குள் போன குட் லைஃப்காரர்கள் கதி என்ன? ஃப்ரீஸ்டைல் ஃபெல்லோஷிப் 1991-ல் தாங்களே ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். பிறகு ஐலண்ட் நிறுவனத்தின் கிளையான ஃபோர்த் அண்ட் பிராட்வே மூலம் 1993-ல் 'இன்னர்சிட்டி கிரியோஸ்' வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாகக் குல வரலாற்றைப் பாடிவரும் பாணர்களுக்கு கிரியோ என்று பெயர். நகரத்துப் பாணர்கள் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். விமர்சகர்கள் இன்றும் கொண்டாடும் ஆல்பம் அது. ஆனால் விற்பனையில் பெரிதாகச் சோபிக்கவில்லை. குழுவில் ஒருவர் சிறை செல்ல நேர்ந்து, குழுவே சில வருடங்கள் கலைந்துபோனது.

வால்யூம் டென் கதை இன்னும் சுவாரஸ்யம். கெட்ட வார்த்தைக்கு இடமில்லாத மேடையில் வளர்ந்த அவருக்கு நாடறிந்த பெயர் வாங்கிக் கொடுத்தது, ஒரு துப்பாக்கியைத் தலைப்பாகக் கொண்ட பாட்டு! சந்தை அவரிடமிருந்த நூறில் எந்த ஒன்றை எடுத்துக்கொண்டது என்று பாருங்கள்.

ஜுராசிக் ஃபைவ் மட்டும் 1997-ல் வந்த தங்கள் முதல் இசைத்தட்டின் மூலம் கவனம் பெற்று, 2000-ல் வந்த 'குவாலிட்டி கன்ட்ரோல்' ஆல்பத்தோடு உலகச் சுற்றுப்பயணம் போகும் அளவுக்கு வளர்ந்தது. அதற்குள் ரேடியோ உலகமும் மாறிவிட்டது. ஒரு நிறுவனம் நாடு முழுவதும் இத்தனை நிலையங்கள்தான் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த வரம்பை 1996-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் நீக்கியது. சில வருடங்களில் ஒரே நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களைக் கையில் வைத்திருந்தது. உள்ளூர்ப் பாடகருக்கு உள்ளூர் ரேடியோவில் இடம் என்பது பழங்கதை ஆனது.

வாசல் மாறியது, வியாழன் மாறவில்லை

தொண்ணூறுகளின் நடுவில் குட் லைஃப் இரவுகள் முடிவுக்கு வந்தன. ஆனால் அந்தக் கூட்டம் கலையவில்லை. 1994-ல் லைமர்ட் பார்க்கிலேயே கேயாஸ் நெட்வொர்க் என்ற இடத்தில் 'ப்ராஜெக்ட் ப்லோட்' என்ற பெயரில் வியாழக்கிழமைப் பட்டறை தொடங்கியது. கேயாஸ் நெட்வொர்க்கை 1984-ல் நிறுவிய பென் கால்ட்வெல் ஒரு திரைப்பட இயக்குநர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் படித்து, ஹாலிவுட்டுக்கு மாற்றாகக் கறுப்பினத்தவர் வாழ்க்கையைப் படமாக்கிய மாணவர் தலைமுறையைச் சேர்ந்தவர். இங்கே வயதில் வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் அதிகம், மொழிக்கட்டுப்பாடு குறைவு. மைக்கைக் கொடுக்கச் சொல்லும் கோஷம் மட்டும் கூடவே வந்துவிட்டது!

ஜூயங் லீ என்ற சமூகவியலாளர் இந்தப் பட்டறைக்குப் பல வருடங்கள் போய்வந்து, அங்கு வந்த இளைஞர்களோடு பழகி, 2016-ல் 'ப்லோயிங் அப்' என்ற நூலை வெளியிட்டார். அவர் கவனித்த ஒரு விஷயம் மனதைத் தொடுவது. வசதியான வீட்டுப் பிள்ளை இருபத்தைந்து வயதில் ஒரு கனவைத் துரத்தினால், தவறிப்போனாலும் வேறொன்று பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பேட்டை இளைஞர்களுக்கு நேரமே வேறு மாதிரி ஓடியது. கூடப் பாடிய ஒருவன் சுடப்படுகிறான், இன்னொருவன் சிறைக்குப் போகிறான், குழந்தை பிறந்துவிடுகிறது, வாடகை கட்ட வேண்டும். "இப்போது விட்டால் எப்போதும் இல்லை" என்ற தவிப்பு எப்போதும் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. ராப்பர் ஆக வேண்டும் என்ற ஆசையை வெறும் புகழ் மோகம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் கடிகாரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

படம்

இனி ஆவணப்படத்துக்கு வருவோம். ஏவா டுவர்னே வெளியிலிருந்து கேமராவோடு வந்தவர் அல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச் என்ற இரு பெண்கள் குழுவில் ஒருவராக குட் லைஃப் மேடையில் ஏறியவர். ப்ராஜெக்ட் ப்லோட் வெளியிட்ட தொகுப்பு ஆல்பத்திலும் அந்தக் குழுவின் பாட்டு உண்டு. அதாவது ராப்பராக வேண்டும் என்று அந்த வரிசையில் நின்றவர்களில் அவரும் ஒருவர். ராப்பர் ஆகவில்லை. திரைப்படங்களுக்கு விளம்பர வேலை பார்க்கப் போனார், 1999-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். பிறகு தன் பழைய தோழர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார்.

படத்தின் உயிர் இரண்டு வகைக் காட்சிகளில் இருக்கிறது. ஒன்று, அந்தக் காலத்தில் கைக்கேமராவில் பிடித்து வைத்திருந்த பழைய வீடியோ. வெளிச்சம் குறைவு, ஒலி இரைச்சல், ஆனால் அந்த அறையின் சூடு அப்படியே தெரிகிறது. மற்றொன்று, நடுத்தர வயதை எட்டிவிட்ட அதே ஆட்களின் முகம். இருபது வயதில் எரிந்த அந்தக் கண்ணும், பதினைந்து வருடம் கழித்து அதைப் பற்றிப் பேசும் கண்ணும் அடுத்தடுத்து வரும்போது, பின்னணிக் குரல் எதுவும் விளக்கத் தேவையில்லை.

வேகமாகப் பாடும் பாணியை யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற பழைய வழக்கையும் படம் தொடுகிறது. தங்கள் பாணி வேறு ஊர்க் குழுக்கள் வழியாகப் பெரிய வியாபாரம் ஆனது என்ற மனத்தாங்கல் சிலருக்கு உண்டு. ஒரே காலத்தில் பல ஊர்களில் வேகப்பாட்டு வளர்ந்தது என்பதும் உண்மைதான். எழுதிப் பதிவு செய்யாத கலையில் பாத்தியதையை எப்படி நிரூபிப்பது? மேடையில் காற்றோடு போனதற்குப் பத்திரம் கிடையாது.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. உள்ளே இருந்தவர் எடுத்ததால் பாசம் அதிகம், விசாரணை குறைவு. அறைக்கு வெளியே நகரத்தில் என்ன நடந்தது, ஒப்பந்தங்கள் எப்படி இருந்தன என்பதெல்லாம் தெரியாதவருக்குச் சில இடங்கள் புரியாமல் போகலாம். ஆனால் வெளியார் ஒருவர் எடுத்திருந்தால், வெற்றி பெற்ற இரண்டு மூன்று பேரை மட்டும் காட்டி, மற்றவர்களைக் கூட்டமாக்கியிருப்பார். இதில் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. ஆண்களின் கோட்டை என்று பேர்பெற்ற ராப்பில் மெடூசா போன்ற பெண்கள் அந்த மேடையை எப்படி ஆண்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

இந்தப் படத்துக்குப் பிறகு டுவர்னே 2012-ல் சண்டான்ஸ் விழாவில் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். 2014-ல் வந்த அவருடைய 'செல்மா', சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றது. இதைவிடக் கவனிக்க வேண்டியது, 2010-ல் அவர் தொடங்கிய விநியோக அமைப்பு. பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத கறுப்பினத்தவர் படங்களை, ஊர் ஊராக இருக்கும் சிறு திரைப்பட விழாக்களைச் சேர்த்து வெளியிடும் முயற்சி அது. இடம் கிடைக்காவிட்டால் ஓர் அறையைப் பிடித்து, விதி வகுத்து, தாங்களே மேடை போட்டுக்கொள்வது என்ற பாடத்தை அவர் எங்கே படித்தார் என்று ஊகிப்பது கஷ்டமல்ல.

கணக்கு எப்படிப் பார்ப்பது?

விற்ற பிரதிகளை வைத்துப் பார்த்தால் குட் லைஃப் ஒரு நஷ்டக் கணக்கு. அங்கே பாடியவர்களில் பெரும்பாலானோர் ராப்பை வைத்துப் பிழைக்க முடியவில்லை. இதை மறைத்து அழகாக்க வேண்டியதில்லை. திறமை இருந்தும் கூலி கிடைக்காதது அநியாயம்தான், அதற்குக் கைதட்டல் ஈடாகாது.

ஆனால் கம்பெனிகளின் பேரேட்டில் ஏறாத வரவும் ஒன்று உண்டு. வாரா வாரம் போலீஸுக்கும் கும்பலுக்கும் நடுவில் நின்ற நூற்றுக்கணக்கான பையன்களும் பெண்களும், வியாழக்கிழமைக்குள் ஒரு புதுப் பாட்டு எழுத வேண்டுமே என்ற ஒரே கவலையோடு வீட்டில் உட்கார்ந்து எழுதினார்கள். கேட்கிறவர்கள் அதைக் கவனமாகக் கேட்டார்கள். நன்றாக இல்லாவிட்டால் மரியாதையாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் திரும்ப வர அனுமதித்தார்கள்.

அவர்களை நகரம் சந்தேகத்தோடு பார்த்தது, சந்தை ஒரே அச்சில் வார்க்கப் பார்த்தது. காய்கறிச் சாறு விற்ற ஒரு கடை மட்டும், "வா, பாடு, வாயை மட்டும் அடக்கிக்கொள்" என்றது. அந்த வரவைக் கணக்கில் எழுதத்தான் பல வருடங்கள் கழித்து அவர்களில் ஒருவரே கேமராவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இந்த முறை மைக்கைக் கொடுக்கச் சொல்லி யாரும் கோஷம் போடவில்லை.